பிள்ளைக்குப் பேர் தேடுறீங்களா?

(தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குத் தேர்தல் பேச வரல. நம்ம வாட்ஸ்அப் குரூப்ல பூத் பட்டியலுக்கு நடுவுல "பாப்பாவுக்கு நல்ல பேரா சொல்லுங்க தோழர்"னு கேள்வி வந்துகிட்டே இருக்கு. அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

பேர் அவங்கவங்க ரசனை. அதுல யாரும் உத்தரவு போட முடியாது. ஆனா 'ஷ்'னு முடிஞ்சாத்தான் ஸ்டைல், 'அன்'னு முடிஞ்சா பழசுன்னு நமக்கு யார் சொன்னது? சுவாமி வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை. பொருள் அப்படியே இருக்கு, மொழி மட்டும் நம்மளோடது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல படிச்ச நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அன்னைக்கு இளைஞர்களுக்கு அதுதான் ஸ்டைல்!

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னால இருக்குற சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. இன்னைக்கு நாம வெறும் இனிஷியலோட நிக்கிறோமே, அது சும்மா வந்ததில்ல. ஐடி கம்பெனியில 'லாஸ்ட் நேம்' கட்டத்துல அப்பா பேரைப் போட்டுட்டு, வெளிநாட்டு கிளையன்ட் நம்மளை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுறது சிரிப்பாத்தான் இருக்கும். எனக்கு அதுல பெருமையும் உண்டு.

தமிழ்ப் பேருன்னா நீளமா இருக்கும்னு ஒரு பயம். ஆதன். மூணே எழுத்து. கீழடிப் பானை ஓட்டுல தமிழி எழுத்துல கீறியிருக்குற பேர். பாரி, ஓரி எல்லாம் ரெண்டே எழுத்து. பெண் குழந்தைக்கு ஆதிரை, கயல், யாழினி. என்னைக் கேட்டா நன்முல்லை. அள்ளூர் நன்முல்லையார் சங்கப் புலவர். இன்ஸ்டாவுல போட்டுப் பாருங்க, புதுசாத்தான் கேட்கும். வீட்டுல அப்பத்தாவும் நாக்கு சுளுக்காம கூப்பிடுவாங்க.

பெரியவங்க நட்சத்திர எழுத்துதான் வேணும்னு நின்னா சண்டைக்குப் போகாதீங்க. அசுவினிக்கு சு, சே, சோ, லா சொல்லுவாங்க. சுடர் இருக்கு, சேந்தன் இருக்கு. 'லா'வை மட்டும் விட்டுடுங்க, அதுல தமிழ்ச்சொல் தொடங்காது.

நியூமராலஜிதான் எனக்கு விளங்காத கணக்கு. நாலு வருஷம் இன்ஜினியரிங் மேத்ஸ் படிச்சும் விளங்கல. தமிழ்க் குழந்தையோட அதிர்ஷ்டம், ஆங்கில ஸ்பெல்லிங்ல ஒரு 'ஏ' கூடுதலா போட்டா மாறுமாம்! அந்த ஒரு எழுத்து பிறப்புச் சான்றிதழ்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி விழுந்துச்சுன்னா, பாஸ்போர்ட் எடுக்குறப்ப அலையப் போறது அந்தப் பிள்ளைதான்.

நம்ம ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு. தலைவர் மேடையில வச்சுத்தான் பேர் சூட்டணும்னு மாசக்கணக்கா 'பாப்பா'ன்னே கூப்பிட்டுட்டு இருக்காதீங்க. தலைவர் மேல பாசம்னா அவர் பேரையே தெருவுக்கு நாலு பிள்ளைக்கு வைக்கணும்னும் இல்ல. ஸ்கூல்ல டீச்சர் கூப்பிட்டா நாலு பேரும் எந்திரிப்பாங்க.

பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க. அப்பவே பேர் முடிவாகலைன்னாலும் பரவாயில்ல, பிறப்பைப் பதிஞ்ச பிறகு 12 மாசம் வரைக்கும் கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம். அதுக்கு அப்புறம் தாமதக் கட்டணம் உண்டு. பதிவு பண்றப்ப தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. ழகரம் இருக்குற பேருக்கு ஆங்கிலத்துல எந்த எழுத்துன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போங்க, கவுன்ட்டர்ல நின்னு யோசிக்காதீங்க.