'அஞ்சல்வழி போதும்' என்று யாருக்குச் சொல்கிறார்கள்?

(தாண்டிக்குடியில் பிளஸ் டூ முடித்த மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



பிபிஏ-வைக் கல்லூரிக்குப் போய்ப் படிப்பதா, அஞ்சல்வழியிலா, ஆன்லைனிலா? இங்கே பலர் கேட்டீர்கள்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி அறிவித்தது. ஆக, தாள் ஒன்றுதான். ஆனால் தாளைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றா?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தொலைநிலையில் படிப்பவருக்குக் கிடையாது. ஆதிதிராவிடர் நல விடுதியும் கல்லூரிக்குப் போகிறவருக்குத்தான். செலவு குறைவு என்று அஞ்சல்வழியை எடுக்கும்போது இந்த இழப்பையும் கணக்கில் சேருங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்த மலையில் காப்பிப் பழம் பறிப்பது யார்? ஏணி போட்டு மிளகு பறிப்பது யார்? எடை போட்டு விலை சொல்வது யார்? வணிகம் என்பது பாடம் மட்டுமல்ல. யார் கடன் தருவார், யார் கடை பிடித்துக் கொடுப்பார், யார் அறிமுகம் செய்வார் என்பதும்தான். தோட்ட முதலாளி வீட்டுப் பையனுக்கு இதையெல்லாம் சாதியே கொடுத்துவிடுகிறது. அவன் அஞ்சல்வழியில் படித்தாலும் கடை காத்திருக்கும். நமக்கு அந்த உறவுகள் கிடைக்கிற முதல் இடம் வகுப்பறையும் விடுதியும் நூலகமும்தான். 'உனக்கு அஞ்சல்வழி போதும்' என்று யாராவது சொன்னால், அவர் தன் பிள்ளையை எங்கே சேர்த்தார் என்று கேளுங்கள்.

கல்லூரியில் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. 1918-இல் மும்பை சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அண்ணல் அம்பேத்கர், பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்களே எதிர்த்தார்கள். அவர் வகுப்பை விட்டு ஓடவில்லை. அவர் பாடத்தைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920-இல் மீண்டும் லண்டனுக்குப் படிக்கப் போனார்.

வீட்டுக்குச் சம்பாதித்தே தீர வேண்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குத் தொலைநிலைக் கல்வி அவமானமல்ல, உரிமை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் அரசு நடத்துபவை. எங்கே சேர்ந்தாலும் மூன்றைப் பாருங்கள்: இந்த ஆண்டு இந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி உண்டா? நேரடி வகுப்பு எத்தனை நாள்? தேர்வு மையம் எங்கே? ஆன்லைன் என்றால் மலையில் சிக்னல் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

என் யோசனை இதுதான். பதினெட்டு வயதில் முடிந்தவரை கல்லூரிக்குப் போங்கள். வேலைக்குப் போனபின் எம்பிஏ-வைத் தொலைநிலையில் படிக்கலாம். முதல் பட்டத்துக்கு மலையிறங்குங்கள். திரும்பி வரும்போது, எடைத்தராசுக்கு இந்தப் பக்கம் நின்ற நம் பிள்ளைகள் அந்தப் பக்கமும் நின்று விலை பேசட்டும்.

ஜெய்பீம்!