மலை அடைத்த ஆறு



"மலை சரியறதுக்கும் நம்ம நோணாங்குப்பத்துக்கும் என்னங்க சம்பந்தம்? இங்கே சுண்ணாம்பாறும் கடலும்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பழைய சங்கதி சொல்கிறேன், கேளுங்கள்.

1893 செப்டம்பரில் இமயமலையின் கார்வால் பகுதியில், கோனா என்ற ஊரருகே ஒரு மலை சரிந்தது. பாறையும் மண்ணும் பிரேகி கங்கை ஆற்றின் குறுக்கே விழுந்து, ஏறத்தாழ 900 அடி உயரத்துக்கு அணை போட்டுவிட்டன. பின்னால் ஏரி பெருகியது. நாம் கட்டும் அணைக்கு மதகு உண்டு, கலிங்கல் உண்டு. மலை போட்ட அணைக்கு ஏது? தண்ணீர் மேலே வழிந்தால் இளகிய மண்ணை அரிக்கும். அரித்த வாய் பெரிதாகும். அப்புறம் ஒரே பாய்ச்சல்தான்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வழியும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஹரித்வார் வரை தந்திக் கம்பி இழுத்தார்கள். ஜனங்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். அதேபோல 1894 ஆகஸ்ட் 25 நள்ளிரவு வாக்கில் அணை உடைந்தது. கீழே இருந்த ஸ்ரீநகர் பட்டணம் அழிந்தது. ஆனால் மாண்டவர்கள் ஐந்தே பேர். அவர்களும், அப்புறப்படுத்திய பிறகு திரும்பிப் போனவர்கள்!

மிச்சமிருந்த ஏரி 1970 ஜூலை வெள்ளத்தில் போயிற்று. அந்த வெள்ளத்தின் வண்டல் ஹரித்வாரில் கங்கைக் கால்வாயை அடைத்தது. மலையில் நடந்தது சமவெளிப் பாசனத்தைத் தொட்டது, பாருங்கள். ஆறும் பழைய ஆறாக இருப்பதில்லை. கல்லும் மணலும் படுகையை உயர்த்த, அது புது வழி தேடும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டுச் சூரல்மலையில் ஆறு ஊருக்குள்ளேயே தடம் போட்டதைப் பார்த்தோம்.

நம்ம சங்கராபரணியை மலை அடைக்கப் போவதில்லை. ஆனாலும் வெள்ளம் மேற்கேயிருந்துதான் வருகிறது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் வீடூர் அணை நிரம்பி, உபரிநீர் இந்த ஆற்றில்தானே வந்தது? நம் வாசலில் தூறல் நின்றுவிட்டது என்று மோட்டாரைக் கழற்ற ஆற்றோரம் இறங்காதீர்கள். மாட்டை முதலில் மேட்டில் கட்டுங்கள். அணை திறப்பு அறிவிப்பைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டுகிற மழையில் ஆறு திடீரென்று வற்றினால், மீன் பிடிக்க இறங்காதீர்கள். மேலே எங்கோ அடைபட்டிருக்கலாம். உடனே மேட்டுக்கு ஏறுங்கள், அக்கம்பக்கத்துக்கும் சொல்லுங்கள். கோனாவில் உயிர்களைக் காத்தது அணை அல்ல. முன்கூட்டி வந்த சேதியும், அதைக் கேட்டு நடந்த ஜனங்களும்தான்.