வாப்பாவின் சாறன்



நமது தையல் பாடத்தில் கால்மிதி செய்தது நினைவிருக்கும். பழஞ்சீலையை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, மூன்று மூன்றாகச் சடைபோல் பின்னி, தட்டையாக வைத்துச் சுற்றிச் சுற்றித் தைப்போம். இறுக்கி இழுத்தால் நடு குழிந்து சட்டிபோலாகிவிடும். “வெளிச்சுற்றைத் தளர விடு பிள்ள” என்பார் டீச்சர். பொலியெஸ்டர் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது. பருத்திதான் நல்லது என்பார்.

வாப்பா மௌத்தான பின் நற்பிட்டிமுனை வீட்டில் அவருடைய மருதமுனைக் கைத்தறிச் சாறன்கள் நான்கு இருந்தன. மூன்றை இல்லாதவர்களுக்குக் கொடுத்தோம். நைந்துபோன நான்காவதைக் கொடுக்கவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை.

“கால்மிதியாத் தை” என்றார் உம்மா.

“வாப்பாட சாறனை மிதிக்கிறதா?” என்று அழுதேன்.

உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இருக்கிறதுக்குத் தை. பெட்டிக்குள்ள வெச்சா பூச்சிதான் அரிக்கும்” என்றார்.

முதல் கிழிசலுக்குத்தான் கை நடுங்கியது. சாறன் ஒன்று போதாமல் உம்மாவின் பழைய சேலையையும் சேர்த்துப் பின்னினேன். இன்று அதில் இருந்துதான் என் மகள் பாடம் படிக்கிறாள்.

சகோதரிகளே, எங்கிருந்தாலும் இந்தக் கைவேலையை ஒரு பிள்ளைக்காவது சொல்லிக்கொடுங்கள்.