மலைக்குப் போவோம், பொழுதோடு இறங்குவோம்

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)



எப்போதும் கடன், வட்டி, தணிக்கை என்றே பேசும் நாங்கள் இன்று ஏற்காட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்காதீங்க. சமீபத்தில் நாங்கள் போன குழுக் கூட்டங்களில் "ஒரு தடவை மலைக்குப் போகணும்" என்ற பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. விழுப்புரம் பக்கத்தில் ஒரு அக்கா சொன்னார்: "மேல்மலையனூர், திருவண்ணாமலை தவிர நான் வேற ஊரே பார்த்ததில்லைம்மா. அதுவும் வேண்டுதலுக்குப் போனதுதான்." வேண்டுதல் இல்லாமல் சும்மா ஒரு ஊரைப் பார்க்க ஆசைப்படுவது தப்பா? தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசையையும் குழுவில் பேசி, தீர்மானம் போட்டுத்தான் நிறைவேற்ற வேண்டும்.

முதலில் தூரத்தைக் கணக்குப் போடுவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாகச் சேலம் போய் மலை ஏறினால் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். திரும்பி வர அதே தூரம். மொத்தம் 480. வேனில் பதினோரு, பன்னிரண்டு மணி நேரம் ஓடும். இதில் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை, நீண்ட தூரம் என்றால் 10 என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஒரே நாளில் போய் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் தப்பையும் மறைக்காமல் சொல்கிறோம். முதல் தடவை நாங்களும் "ராத்திரி தங்கினால் செலவு" என்று ஒரே நாளில்தான் திட்டம் போட்டோம். விடியற்காலை 2 மணிக்குக் கிளம்பினோம். திரும்பும்போது கள்ளக்குறிச்சி தாண்டியதும் ஓட்டுநர் கண் அசந்துவிட்டார். முன் சீட்டில் இருந்த அக்கா போட்ட சத்தத்தில்தான் பிழைத்தோம். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மலைப்பாதையில் அலட்சியம் கூடாது.

ஆகவே ஒரு இரவு தங்குவது என்றே திட்டமிடுங்கள். காலை 5 மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் மேலே போய்விடலாம். அன்று ஏரி, லேடீஸ் சீட். மறுநாள் காலையில் பகோடா பாயிண்ட், சேர்வராயன் குகைக் கோயில். வழியெல்லாம் காபித் தோட்டமும் மிளகுக் கொடியும் பார்க்கலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் இறங்கினால் வெளிச்சத்திலேயே அடிவாரம் வந்துவிடலாம். இரவு 9 மணிவாக்கில் வீடு.

வண்டி பேசும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். மஞ்சள் போர்டு வண்டியா, இன்சூரன்ஸ், எஃப்.சி. நடப்பில் இருக்கிறதா, மலையில் ஓட்டிப் பழகியவரா என்று கேளுங்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கினால் பிரேக் சூடேறி, பிடிக்காமல் போகும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். இதையெல்லாம் ஓட்டுநரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஓட்டுநருக்கும் சாப்பாடு, படுக்க இடம் நம் செலவில்தான்.

வழியில் எங்கே ஒதுங்குவது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறோமே, அது வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். ஏறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். பிரஷர், சுகர் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வர வேண்டாம். மேலே குளிரும், ஆளுக்கு ஒரு போர்வை அவசியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மண் சரியும், அப்போது போக வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் போக நினைக்கும் குழுக்கள் 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பணம்? குழுச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் தொடவே கூடாது. தனி நோட்டு போடுங்கள். 15 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் ஒரு வருஷத்தில் 18,000 சேரும். வேன், தங்குமிடம் விசாரித்து, போதவில்லை என்றால் இன்னும் சில மாதம் சேருங்கள். கடன் வாங்கிப் போய்வந்தால் அந்தச் சந்தோஷம் முதல் தவணையிலேயே போய்விடும்.

கடைசியாக, "ரெண்டு நாள் மாட்டை யார் பார்ப்பா, சோறு யார் ஆக்குவா?" உண்மையில் நம்மை நிறுத்துவது மலை இல்லை, இந்தக் கேள்விதான். இதற்கு ஒரு குழு நல்ல வழி கண்டுபிடித்தது. இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். முதல் அணி போனபோது இரண்டாம் அணி அவர்கள் மாட்டுக்குத் தண்ணி காட்டி, பால் கறந்தது. அடுத்த மாதம் இவர்கள் போக, அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சோற்றை வீட்டு ஆண்களே ஆக்கினார்கள், வீடு அப்படியேதான் இருந்தது!

கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம் இதற்கும் நிற்கலாமே. அடுத்த கூட்டத்தில் உங்கள் தீர்மான நோட்டைப் பார்ப்போம்.