முதலில் வயரைப் பாருங்கோ

கோண்டாவில் வீட்டில் அம்மா தனியே. பொழுதுபட்டதும் விறாந்தை லைற்றைக் கனடாவிலிருந்தே கைபேசியில் போட மகனுக்கு ஆசை. நல்ல யோசனைதான். அதற்கான ஸ்மார்ட் சுவிட்சுகளும் இப்போது மலிவு. ஆனால் வாங்க முதல் ஒன்றைப் பாருங்கோ. சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், இருக்கிறதா?

சாதாரண சுவிட்சுக்கு அது தேவையில்லை. அதனால் பழைய வீடுகள் பலவற்றில் அந்த வயர் லைற்றுக்கு மட்டும்தான் போகும். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல. இரவுக் காவலாளி மாதிரி, லைற் அணைந்தாலும் அது விழித்திருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கரண்ட் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் வயர் இருந்தால்தான் அது கிடைக்கும்.

வயர் இல்லையா? நியூட்ரல் தேவைப்படாத வகையும் உண்டு. கேட்டு வாங்குங்கோ. பெட்டியை எலக்ட்ரீசியனே திறக்கட்டும். முதலில் வயர், பிறகு சுவிட்ச்.