கொட்டியது குளவியா, தேனீயா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் பூச்சியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களைக் குளவி கொட்டியது என்ற செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. செத்தவர்களும் உண்டு. மழை வெயில் மாதிரி இதையும் பழக்கமாக்கிக்கொண்டோம். கொட்டியது என்ன என்று மட்டும் நாம் கேட்பதில்லை. எல்லாமே நமக்குக் குளவிதான்.

இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, சிங்களத்தில் 'பம்பர' என்கிறார்களே, அந்தப் பெரிய மலைத்தேனீ. உயர்ந்த மரக்கிளையிலோ பாறை விளிம்பிலோ ஒரே ஒரு பெரிய அடை திறந்தபடி தொங்கும். தேனீக்களே அதைப் போர்வை போல மூடியிருக்கும். மற்றது நிசமான குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் மஞ்சள் பட்டை. காகிதம் போன்ற மூடிய கூடு. தேயிலைச் செடிக்குள்ளும் கட்டும். புல்லுவெட்டாத மலையில் கையை விட்ட பிறகுதான் தெரியும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு நஞ்சுப்பையோடு தோலிலேயே நின்று நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். சுரண்டியோ பிடுங்கியோ உடனே எடுக்க வேண்டும். குளவி கொடுக்கை விட்டுப்போகாது. ஒன்றே பலமுறை கொட்டும். தேனீ கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் வரும். அதுதான் மற்றத் தேனீக்களைக் கூப்பிடும் வாசம். ஆகவே நின்று அடிக்காதீர்கள், ஓடுங்கள். கூடைக்காகத் திரும்பிப் போகவே வேண்டாம்! மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், ஒரு கொட்டு என்றாலும் ஆஸ்பத்திரிதான்.

மேலேயும் பாருங்கள். தேன்பருந்து என்றொரு பறவை அடையிலுள்ள புழுவைத் தின்ன வரும். அது அடையைப் பிய்த்தால் தேனீ கலைந்து, கீழே நிரையில் நிற்கும் நம் மேல்தான் இறங்கும். அடையுள்ள மரத்தைப் பருந்து சுற்றினால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்தோம். கிட்டப் போகாமல், பாதையில் நின்று பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னோம். ஒரு பிள்ளை, "மரத்துக்குக் கறுப்புத் தாடி" என்று எழுதியிருந்தது. பாதி மரங்களைச் சொன்னது கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பாட்டி. அது வேறு கதை. மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், ஆனால் பழைய மரத்துக்கே திரும்பி வரும் பழக்கம் அதற்குண்டு. அதனால் போன வருஷத்துப் பட்டியல் இந்த வருஷமும் உதவும்.

அந்தப் பட்டியலை நிர்வாகத்திடம் கொண்டுபோனபோது, "பிள்ளைகளின் வீட்டுப்பாடமா?" என்று சிரித்தார்கள். அதில் மூன்றாவதாக இருந்த மரத்தடியில்தான் போன மாதம் நம் ஆறு பேர் விழுந்தார்கள்.

இனி இரண்டு பிரதி எழுதுவோம். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதியோடு கையொப்பம் வாங்குவோம். கூட்டை அகற்றும்வரை அந்த மலைக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று பெரட்டிலேயே கேட்போம். வேலையால், வேலை நேரத்தில் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. முன்பே எழுதிக்கொடுத்தோம் என்பதற்கு அந்தக் கையொப்பம்தான் நம் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு லயம் லயமாக வருகிறோம். மலைக்கு ஒருவர் பெயர் தாருங்கள். ஏழாம் நம்பர் மலைக்கு இன்னும் ஆள் இல்லை.