பத்து நாள் சந்தியை நிறுத்தலாமா?

இகத்புரி விபஸ்ஸனா முகாமுக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதுதான்: "மாமா, அங்கே பத்து நாளும் ஜபம், பூஜை எதுவும் கூடாதாமே, சந்தியாவந்தனம் என்ன ஆறது?"

1969-இல் பர்மாவிலிருந்து வந்து கற்பித்த கோயங்கா வைத்த விதி அது. பிற வழிகளைப் பழிக்க அல்ல; தம் முறையைக் கலப்பின்றிச் சோதித்துப் பார்க்கத்தான். முதல் மூன்று நாள் மூச்சை வெறுமனே கவனிக்க வேண்டும்; அடக்கக் கூடாது. நம் பிராணாயாமமோ மூச்சை அடக்கி, மனதுக்குள் காயத்ரி சொல்வது. இரண்டும் ஒன்றே என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும், உண்மை அதுவல்ல.

நித்ய கர்மாவுக்கு ஏது லீவு? நான் போகவில்லை. ஆத்துக்காரிக்கு அந்தச் சிக்கல் இல்லை, போய் வந்தாள். இப்போது விடியற்காலையில் அவள் ஒரு மூலையில் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். நான் மறு மூலையில் பஞ்சபாத்திரத்தோடு. காபி அதற்கப்புறம்தான்.